சாய்வு சார்

ஏரியாவுக்கு ஒரு கணக்கு டியூஷன் சார் உண்டு. சொந்தப் பெயர் என்னவாக இருந்தாலும் பிள்ளைகள் வைத்த பெயர் சாய்வு சார். சட்டைப்பையில் கூராகச் சீவிய பென்சிலும் சின்ன ஸ்கேலும் இருக்கும். கிராஃப் தாளில் ஒரு நேர்கோட்டைக் கண்டுவிட்டால் காபி ஆறிப்போகும்.

"டேய், கோடு ஆயிரம் புள்ளி வழியாப் போகும். அரைக் கட்டம், கால் கட்டத்துல தொங்கறதையெல்லாம் விட்டுடு. கட்டத்து மூலையில கச்சிதமா உக்கார்ற ரெண்டு புள்ளியப் புடி."

பாடப்புத்தகம்கூட இவ்வளவு பச்சையாகச் சொல்லாது.

கோடு ஒய் அச்சை 3-இல் வெட்டுகிறது. அங்கிருந்து வலப்பக்கம் 4 கட்டம் நகர்ந்தால் 2 கட்டம் இறங்குகிறது. சாய்வு எவ்வளவு? "அரை சார்" என்பான் பையன். சார் வாயே திறக்க மாட்டார். மேஜையில் ஸ்கேலால் ஒரு தட்டு. "மைனஸ் அரை சார்!" உடனே ஊருக்கே கேட்கும்படி, "ஒய் ஈக்வல் டு மைனஸ் அரை எக்ஸ் பிளஸ் மூணு!"

அளவுத்திட்டத்தைப் பார்க்காமல் வெறும் கட்டத்தை எண்ணுகிறவனுக்கு அன்று அர்ச்சனைதான். செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு பூஜ்யம் என்று எழுதுகிறவன் நேரத்தோடு வீடு போய்ச் சேர முடியாது. "பூஜ்யம் படுத்திருக்கிற கோட்டுக்குடா! நிக்கிற கோட்டுக்குச் சாய்வை வரையறுக்கவே முடியாது. எக்ஸ் ஈக்வல் டு அஞ்சுன்னு எழுதிட்டுப் பேசாம இரு."

இவர் தெருவில் இறங்கினால்தான் வம்பு. சென்னை ஆட்டோவுக்கு 2013-இல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்குமேல் கி.மீ.க்கு 12 ரூபாய். நமக்கு அது கட்டணம், அவருக்கு கிராஃப். 1.8 வரை படுத்திருக்கும் கோடு, பிறகு 12 என்ற சாய்வில் எழுந்துகொள்ளும். எழுந்த கோட்டைப் பின்பக்கமாக நீட்டினால் ஒய் அச்சை 3.40-இல் வெட்டும்.

"அஞ்சு கிலோமீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு. நீங்க 150 கேக்கறீங்களே தம்பி, உங்க கோட்டுக்குச் சமன்பாடு என்ன?"

"மழை வருது சார். ஏறுறதுன்னா ஏறுங்க."

சார் ஏறவில்லை. வண்டியும் நகரவில்லை. தூறல் வலுத்தது, 150 ரூபாய் 180 ஆனது, 200 ஆனது. தூரம் பூஜ்யம், தொகை மட்டும் மேலே மேலே போகிறது. சாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "செங்குத்துக் கோடு! இதுக்குச் சாய்வே கிடையாது!" என்று சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓட்டுநருக்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் பிள்ளைக்கு கிராஃப் வரவில்லையென்றால் தாராளமாக இவரிடம் அனுப்புங்கள், நன்றாக வரும். அவசரமாக எங்காவது போகவேண்டிய நாளில் மட்டும் இவரோடு ஆட்டோ பிடிக்காதீர்கள்.