பூநாரைக்கு மூன்று கால்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் வழியில் உப்பளம் இன்னும் விரிந்து கிடக்கிறது. ஆனால் அதன் பின்னால் முன்பெல்லாம் வானம் மட்டும்தான் இருந்தது, இப்போது எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் யாரோ ஒருவர் பால்கனியில் காயப்போட்ட வேட்டி படத்துக்குள் வந்து நிற்கிறது. ராஜீவ் காந்தி சாலை வெறும் பழைய மாமல்லபுரம் சாலையாக இருந்த, சிறுசேரி என்றால் தாம்பரத்துக்காரர்களே 'அது எங்கே?' என்று கேட்ட காலத்தில், விடியுமுன் சைக்கிளை மிதித்துக்கொண்டு இங்கே பூநாரை பிடிக்க வருவான் ஒருவன். கழுத்தில் கேமரா, உள்ளே முந்தின நாள் கல்யாணத்தில் மிச்சம் வைத்த பிலிம். ரோலுக்கு முப்பத்தாறு படம்தான். கல்யாண வீட்டுக்காரர் காசில் இரண்டு மூன்றைப் பறவைகளுக்கென்று ஒதுக்கிவிட்டு, தன்னை ஒரு மகா கலைஞன் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். நெகட்டிவில் தாலி கட்டுவதற்கும் பெண்ணை வழியனுப்புவதற்கும் அடுத்தாற்போல் ஒற்றைக்காலில் ஒரு நாரை நிற்கும்.

உங்கள் ஊரிலும் அப்படியொரு ஸ்டுடியோ இருந்திருக்கும். முன்னறையில் கண்ணாடி, பவுடர் டப்பா, பல்லுப்போன சீப்பு. பின்னறையில் சிவப்பு பல்பு. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. டெவலப்பர் தட்டில் பேப்பரைப் போட்டு மெல்ல ஆட்டினால் முதலில் தலைமுடி வரும், பிறகு புருவம், மீசை, கடைசியாகத்தான் கன்னமும் சட்டையும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொல்லலாம். ஹைப்போ வாடை மட்டும் விரலைவிட்டுப் போகாது, மோர்சாதத்திலும் மணக்கும்.

அன்றைக்கு நாங்கள் எடுத்ததெல்லாம் அசல், இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு போடுவதெல்லாம் போலி என்று என் வயதுக்காரர்கள் டீக்கடையில் பேசும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். திருப்போரூரைத் தாண்டாதவரைக் காஷ்மீர் ஏரித் திரைக்கு முன் நிறுத்தியது யார்? அம்மைத் தழும்பை நெகட்டிவில் பென்சிலால் தடவி மறைத்தது, செத்தவரின் மூடிய கண்ணைத் தூரிகையால் திறந்துவைத்தது எல்லாம் யார் கைங்கரியம்? 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் துண்டுதுண்டாக எடுத்து ஒரே நீளப்படமாக ஒட்டிய கேப்டன் லின்னேயஸ் டிரைப்கூட, வெறும் வானத்தில் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்தவர்தான்.

2022-இல் சொன்னதைப் படமாகப் போடும் இந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லோர் கைக்கும் வந்தபோது, சிறுசேரியில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் என் போனிலும் ஒன்றை ஏற்றிக்கொடுத்தான். கேளம்பாக்கம் உப்பளம், விடியற்காலை, பூநாரைகள் என்று கேட்டேன். வெறும் புள்ளிக் குப்பையிலிருந்து, படிப்படியாக இரைச்சலை நீக்கி நீக்கி, மங்கலாக ஒரு வெளிச்சம் எழும்பி வந்தது. சட்டென்று பின்னறைத் தட்டு ஞாபகம் வந்துவிட்டது, ஹைப்போ வாடைதான் இல்லை. சைக்கிள் காலத்தில் நான் காத்துக்காத்துக் கிடைக்காமல் போன அதே ரோஜா நிற வெளிச்சம்! பூநாரைக்கு மட்டும் மூன்று கால். முயல் பிடித்தவன் சொன்னதை இயந்திரமும் எங்கேயோ கேட்டிருக்கும் போலிருக்கிறது.

இந்தக் கருவிகளுக்குப் பாடம் சொல்லித்தந்த திரட்டுகளில் லயான் என்ற ஒன்றில் மட்டும் 585 கோடி படங்களின் இணைப்புகள் உண்டாம். அந்தப் படங்களுக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் யார் அனுமதி கேட்டார்கள் என்று கோபம் வரத்தான் செய்கிறது. நாரைக்கான பிலிம் காசை நானும் யாரிடமும் கேட்டதில்லை என்பதால் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். 2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரர் இயந்திரப் படத்தை சோனி உலகப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பி, பரிசும் வென்று, இது புகைப்படமே அல்ல என்று சொல்லி வேண்டாமென்றுவிட்டார். பரிசை மறுக்கிற அளவுக்கு நம் தொழிலில் யாருக்கு வசதி?

அடுத்த ஆண்டு 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மறுபடி ஒலித்ததும் நம்மூர்க்காரர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. போன மாதம் ஒரு பெண் அப்பாவின் பழைய பாஸ்போர்ட் படத்தோடு வந்தாள். உப்பளத்தில் வேலை பார்த்தவர். பேரன் பிறக்குமுன் போய்விட்டார். இருவரையும் சேர்த்து நிறுத்த வேண்டும். நிறுத்தினேன்.

"நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா அப்பா இவ்ளோ நேரா நிக்கமாட்டாரே. மூட்டை தூக்கித் தூக்கி இடது தோள் எறங்கியிருக்குமே."

தோளை நேரா வைங்க, முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க என்று ஊர் முழுவதையும் நிமிர்த்தியே பிழைத்தவன் நான். இப்போது ஒரு தோளை இறக்கச்சொல்லி இயந்திரத்திடம் மன்றாடினேன். வலது தோளை இறக்கியது. இடது என்று அழுத்திச் சொன்னேன். பேரனின் தோள் இறங்கியது.

அவள் சிரித்துவிட்டாள். "தாத்தா மாதிரியே நிக்கிறான் பாருங்க. இதையே போட்டுக் குடுத்துடுங்கண்ணா. லேமினேஷனுக்குத் தனியா எவ்ளோ?"