வேலி கேட்டு வந்த பேரனுக்கு

வா கண்ணு, உக்காரு. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டரு தட்டுன காசுல காங்கயத்துக்குத் தெக்க அரை ஏக்கரா வாங்கி, வெள்ளாடு ஓட்டப் போறயாமா. நெம்ப சந்தோசம். வேலிக்கு எந்தக் கம்பி நல்லதுன்னு போன்ல பாத்துப் பாத்துக் கண்ணு செவந்த பொறவு இந்த அப்புச்சி ஞாவகம் வந்திருக்குதாக்கும்.

செம்மறின்னா கவலையில்ல. தலையைக் குனிஞ்சு புல்லைக் கடிக்கும், வேலின்னு ஒண்ணு நிக்கறதே அதுக்குத் தெரியாது. வெள்ளாடு அப்படியா? முன்னங்காலு ரெண்டையும் வேலி மேல தூக்கி வெச்சு, பக்கத்துத் தோட்டத்துல என்ன வெள்ளாமைன்னு பாத்துட்டுத்தான் மேச்சலுக்கே எறங்கும். அதனால அஞ்சடிக்குக் கொறையாம, தொங்காம இழுத்துக் கட்டோணும். மூலைக்கல்லுக்கு முட்டுக்கல்லை உள்பக்கம் சாய்ச்சு நட்டுராத. அதுலயே ஏறிக் குதிச்சுரும்.

முள்கம்பி வேண்டாம். 1874-ல அமெரிக்காவுல கிளிடன்னு ஒருத்தர் அதுக்குக் காப்புரிமை வாங்குனது மாட்டை மறிக்கறதுக்கு. வெள்ளாடு மடியைக் கிழிச்சுக்கிட்டாவது நடுவுல பூந்துரும். பெரிய கட்டம் போட்ட வலையும் ஆகாது. கொம்பு வெச்ச கெடாய்க்குத் தலையை விடத் தெரியும், எடுக்கத் தெரியாது. நடுச்சாமத்துல பேட்டரி லைட்டைத் தூக்கிட்டு நீதான் ஓடோணும். ரெண்டங்குலக் கண்ணு வெச்ச சங்கிலி வலைதான் சரி. காசு எச்சா, ஆனா ஐ.டி. மாப்பிள்ளைக்கு அதெல்லாம் ஒரு காசா?

காசில்லாத எங்க காலத்துல கிளுவ மரத்து உசுருவேலிதான். மூலனூர், வெள்ளகோயில் பக்கம் கொறங்காட்டை இன்னைக்கும் போய்ப் பாரு. மேல வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டப்புல்லு, சுத்தீலும் கிளுவ வேலி. காங்கயம் மாடு வளர்ந்ததே அதுக்குள்ளதான். மழைக்கு முன்னால கிளுவக் கெளையை வெட்டுன போத்தை நெருக்கி நட்டுட்டா மண்ணு பாத்துக்கும். தழையை ஆடும் திங்கும். அங்கதான் சூட்சுமம். துளுக்கற வயசுல ஆட்டை விட்டீன்னா வேலியையே தின்னுபுட்டு வெளிய நின்னு உன்னையப் பாக்கும். அதனால வெளிய கிளுவ, உள்ள வலை. கிளுவ முத்தற வரைக்கும் ஆட்டை அண்ட விடாத.

ஆனா கண்ணு, நீ கேட்டதே பாதிக் கேள்விதான். ஆடு வெளிய போகாம இருக்க வேலி கேக்கற. இந்தப் பக்கம் இப்ப நாயி உள்ள வராம இருக்கறதுக்குத்தான் வேலி. 2024, 2025-ல காங்கயம், வெள்ளகோயில் வட்டாரத்துல தெருநாய்க பட்டிக்குள்ள பூந்து குதறுனதும், வெவசாயிக நட்டஈடு கேட்டு ரோட்டுக்கு வந்ததும் உன் போன்ல வரலியா? கிளுவைக்குக் கால்மாட்டுல சந்து இருக்கும், நாய்க்கு அது போதும். வலையோட அடியை ஓரடி வெளிப்பக்கமா மடிச்சு மண்ணுல பொதை, மேல கல்லை அடுக்கு. பொழுது சாஞ்சா வேலியை நம்பாத, ஆட்டைக் கொட்டாயில அடை.

கெரண்டை நேரா கம்பியில உட்டா என்னன்னு எவனாச்சும் ஓசனை சொல்லுவான். ஆளே செத்துப் போகும், ஜெயிலும் உண்டு. சூரிய மின்வேலி வேற சங்கதி, அதுல புல்லு பட்டாலே வேகம் கொறைஞ்சு போகும், வாராவாரம் செதுக்கோணும். உன்னோட கையி தாங்குமா?

தெக்குத் தோட்டத்துல கிளுவ கழிக்கறாங்களாம். கேட்டா போத்து சும்மாவே குடுப்பாங்க. போறப்ப அந்த வெள்ளைச் சட்டையை மட்டும் கழட்டி வெச்சுட்டுப் போ.