650 சொல்லில் சோகம்

அமெரிக்கக் கல்லூரியில் சேர ‘காமன் ஆப்’ என்ற பொது விண்ணப்பத்தில் சுயகட்டுரை எழுத வேண்டும். 250 சொல்லுக்குக் குறையக்கூடாது, 650ஐத் தாண்டக்கூடாது. தலைப்புகளில் ஒன்று, நீங்கள் சந்தித்த சவால் அல்லது தோல்வி, அதில் கற்றது என்ன என்பது. பதினேழு வயதுப் பிள்ளை தோல்விக்கு எங்கே போகும்? அப்பாவுக்கு நல்ல உத்தியோகம், அம்மாவுக்கு நல்ல உடம்பு, பாட்டியோ கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். பாவம், எழுத ஒன்றுமே இல்லை!

இதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு துயரத்தைத் தோண்டி எடுத்துத் தருவார்கள். கால்பந்தில் முட்டி பெயர்ந்தது மூன்றாம் பத்திக்குள் மனிதகுல நேசமாகிவிடும். (பாட்டியின் ஆயுள் அந்த ஆலோசகரின் கற்பனையைப் பொறுத்தது.)

எல்லாம் என் சொந்த எழுத்தே என்று கடைசியில் ஓர் உறுதிமொழியும் உண்டு. அதை மட்டும் பிள்ளையே டிக் அடிக்கும்.