பொதிகை அண்ணாச்சி

அண்ணாச்சி புன்னைக்காயலுக்குத் திரும்பி வருடக்கணக்காகிறது. மலையை விட்டுத்தான் இன்னும் இறங்கவில்லை.

ஏறியது பொதிகை மலையின் அகத்தியர் கூடம். 1,868 மீட்டர். அந்த எண்ணை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது, துட்டி வீடும் கிடையாது. தமிழ்நாட்டுப் பக்கம் புலிகள் காப்பகம் என்பதால் திருவனந்தபுரம் சுற்றித்தான் போக வேண்டும். கேரள வனத்துறையிடம் அனுமதி, மருத்துவச் சான்று, போணக்காட்டிலிருந்து நாள் முழுக்க நடை, அதிருமலை முகாமில் ராத்தங்கல், மறுநாள் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற முடியும். சிரமம்தான், யார் இல்லை என்றது? முதல் தடவை மலையேறி வந்தவரிடம் ஒரு வாரம் கதை கேட்பது ஊர் மரியாதை. கேட்டார்கள். அண்ணாச்சி அதற்குப் பிறகு ஆற்றைப் பிடித்துக்கொண்டார்.

தாமிரபரணி அந்த மலையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, அவர் ஏறி இறங்கியதும் சொந்தக் குடும்ப விஷயமாகிவிட்டது. முகத்துவாரத்தில் வள்ளம் தள்ளுகிறவர்களை நிறுத்திவைத்து, குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளுவார். கண்ணை மூடுவார்.

"மேல பாத்த அதே தண்ணிடே."

வாயில் விட்டதும் முகம் ஒரு பக்கமாகக் கோணும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி வருகிற ஆறு சொற்பம். இங்கே கிடப்பது பெரும்பாலும் கடல். துப்பினால் அகத்தியருக்கு அவமரியாதை என்று விழுங்கிவிடுவார்.

"உப்புக் கரிக்கா அண்ணாச்சி?"

"மூலிகைடே, மூலிகை."

1961இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோது இளந்தாரியாக இருந்து, பிறகு சங்கு குளித்தே காலம் தள்ளிய பெரியவர் ஒருவர், "மேல மூச்சு வாங்குமோ?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டார். மூச்சை எப்படி இழுப்பது, எப்படி அடக்குவது, எப்படி மெதுவாக விடுவது என்று அரைமணி நேரம் பாடம் நடந்தது. சிலிண்டர் இல்லாமல் கடலடிக்குப் போய்வந்த மனுசன், தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர் செய்ததைத் தள்ள முடியாது. ஊர் தனித்தீவாகக் கிடக்கிறது. மொட்டைமாடியில் சனம் ஒடுங்கி நிற்கிறது. அண்ணாச்சி தொண்டையைச் செருமுகிறார்: "அன்னைக்கே பாத்தேன், மேல மேகம் ஒரு தினுசாத்தான் இருந்துச்சு." பார்த்தது ஜனவரி மேகம்! மலையை விடுங்கள், பக்கத்துக் காயல்பட்டினத்திலேயே ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியிருக்கிறது. பச்சைப்பிள்ளைக்குப் பால் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அந்த நேரத்தில் ஆற்றின் பிறப்பு வளர்ப்பு எதற்கு? அரிசி மூட்டையை ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டிருக்கலாம்.

தண்ணீர் வடிந்ததும் வீடு வீடாகப் போய்ச் சேறு அள்ளினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அள்ளிய சேறும் பொதிகை மண் என்றார்.

வருகிற ஜனவரிக்கு மறுபடி துணை தேடுகிறார். அவர் தெருவுக்குள் நுழைந்தாலே ஆண்களுக்கெல்லாம் முழங்கால் வலி வந்துவிடுகிறது. சங்கு குளித்த பெரியவர் மட்டும், "நான் வாரேன். ஆனா போக வர நீ வாயத் திறக்கக் கூடாது" என்றாராம்.

அண்ணாச்சி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.