தலையில் வைத்த கால்

மே முடிந்தது, ஊட்டிக்குப் போனவர்கள் இறங்கிவிட்டார்கள். 2024-லிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் மலையேற வேண்டும். இறங்கி வந்து கதை சொல்லவும் ஒரு பாஸ் வைத்திருந்தால் பெசன்ட் நகர் கொஞ்சம் மூச்சு விடும். வர்க்கியும் தைலப் புட்டியும் வருவதில் ஆட்சேபம் இல்லை. கூடவே வருகிறதே, "தோடர் மந்துக்கு, அதான் அவர்கள் குடியிருப்புக்கு, போனோம், என்ன விநோதமான வழக்கங்கள் தெரியுமா!" என்கிற பேச்சு, அதுதான் தாங்கவில்லை. காலாற நடந்தால் வந்துவிடுகிற மீனவர் ஊரான ஊரூர் ஒல்காட் குப்பத்தை விட்டுவிட்டு 500 கிலோமீட்டருக்கு மேல் போவானேன் என்பதே என் கேள்வி. அதற்கு முன் அந்த விநோதங்களை ஒரு கை பார்த்துவிடலாம்.

முதலில் கால். நீலகிரிப் பழங்குடியான தோடர்களில் இளையவள் குனிவாள். பெரியவர் பாதத்தைத் தூக்கி அவள் நெற்றியில் வைப்பார். இதைச் சொல்லும்போது நம்மவருக்குக் கண் விரிகிறது. கல்யாண மண்டபத்தில் மாலை கசங்க நூறு பேர் காலில் விழுந்தெழும் ஜோடியைப் பார்த்து விரியாத கண். விழுவதில் நமக்கா நுணுக்கம் குறைவு? கிழக்கே பார்த்து நிற்க வேண்டும்; தம்பதியாக நிற்க வேண்டும்; கோத்திரம் சொல்ல வேண்டும்; தென்கலையார் ஒரு தரம் சேவித்தால் வடகலையார் ஒன்றோடு நிறுத்தமாட்டார். வானத்தில் போன ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து குனிந்து கும்பிட்ட அமைச்சர்களைக் கண்ட மாநிலம் இது. தோடர் முறையில் இருக்கும் நியாயம் நம்மிடம்தான் இல்லை. அங்கே மரியாதை வாங்குகிறவரும் உழைக்க வேண்டும்: ஒற்றைக் காலில் நின்று, தள்ளாடாமல், பாதத்தைத் தூக்க வேண்டும். இந்த ஒரு விதியைச் சமவெளியில் அமல்படுத்திப் பாருங்கள். வேட்டியைச் சற்றே உயர்த்திக் காலைக் காட்டி நிற்கும் பெரிய மனிதர்களில் பாதிப்பேர் இரண்டாம் நாளே எலும்பு டாக்டரிடம் போவார்கள். மீதிப்பேர் "வணக்கம் போதும் தம்பி" என்பார்கள். காலில் விழுவதை மூட்டுவலி ஒழித்த அளவுக்குச் சுயமரியாதைப் பிரசாரம்கூட ஒழித்திருக்காது.

பால்மாடமே தோடர்களுக்குக் கோயிலாம். மயிலாப்பூரில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் அடுக்களைக்குள் குளிக்காமல் நுழைந்து பாருங்கள். ஏழாம் மாதம் கர்ப்பிணிக்குக் கணவன் வில் அம்பு கொடுக்கிறானாம். நாம் வளையல் அடுக்குகிறோம், மாதம் அதேதான். "இரண்டும் ஒன்றாகுமா?" என்பீர்கள். ஆகாது. வில் கொடுத்தவனே சட்டப்படி தகப்பன் என்பது தனி ஏற்பாடு. ஆனால் அதைப் புரிந்துகொள்ள ரிவர்ஸ் என்ற வெள்ளைக்காரர் மாதக்கணக்கில் உட்கார்ந்து, 1906-இல் எழுநூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். நம்மவர் இருபது நிமிடம் நின்று, அதில் பதினைந்தைச் சால்வை பேரத்தில் கழித்தவர்.

மலையேறி விநோதம் தேடும் இந்த வியாதி அடையாற்றுக்குப் புதிதல்ல. 1882 கடைசியில் பிரம்மஞான சபையின் ஒல்காட்டும் பிளாவாட்ஸ்கி அம்மையாரும் இங்கே குடியேறினார்கள். அடுத்த ஆண்டே அம்மையார் ஊட்டிக்குப் போனார். தோடர் தெய்விகம், குறும்பர் சூனியம் என்ற கணக்கில் நீலமலை மக்களைப் பற்றி ரஷ்ய மொழியில் எழுதினார். ஒல்காட் பெயராவது குப்பத்துக்கு ஒட்டிக்கொண்டது.

"குப்பத்துக்குப் போய் வேடிக்கை பார்த்தால் மட்டும் யோக்கியமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி, என் கட்டுரைக்குத்தான் நல்லதல்ல. வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்கும், அடியில் ஓடும் நீருக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, கரையில் நின்றே கடலைக் கணிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் நம்மவர் கேட்கும் ஒரே ஆராய்ச்சிக் கேள்வி, வஞ்சிரம் கிலோ என்ன விலை. பதில் வந்ததும் "அநியாயம்" என்று சொல்லிவிட்டு, வைகாசிப் புழுக்கத்தில் தோடர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.