கைக்கெட்டும் கயிறு

கேள்வி: தலைமைப் பண்புக்கு எத்தனையோ பயிற்சி வகுப்புகள். தலைவருக்குக் கீழே வேலை செய்வது எப்படி என்று ஏன் யாரும் சொல்லித்தருவதில்லை?

பதில்: டொயோட்டா சொல்லித்தந்ததே, அதுவும் கயிறு கட்டி! முன்பெல்லாம் அதன் ஆலைகளில், காரின் பாகங்களைப் பொருத்தும் வரிசையில் தொழிலாளியின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கும். கோளாறு கண்ணில் பட்டால் அவர் இழுக்கலாம், இழுக்கவும் வேண்டும். குழுத் தலைவர் ஓடி வருவார். உரிய நேரத்தில் சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும். அலுவலகத்திலும் இதே கதைதான்: 'சரிங்க சார்' என்பவரால் அல்ல, 'சார், ஒரு நிமிஷம்' என்பவரால்தான் மேலாளரின் பெயர் நிலைக்கிறது. அப்படிச் சொன்னவரைக் கடிந்துகொள்ளும் அலுவலகம் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது. டொயோட்டா மட்டுமல்ல, 1988-இல் மேலாண்மை அறிஞர் ராபர்ட் கெல்லியும் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில், தலைவரைப் பின்தொடர்பவர்களைப் புகழ்ந்தே கட்டுரை எழுதினார். சொந்தமாக யோசிப்பதும் முழு மனதோடு ஈடுபடுவதும்தான் அவர் கேட்ட தகுதிகள்.