முக்கால் கை தூக்குவோருக்கு: ஓக்லஹோமா சட்டமன்றத்துக்கு ஒரு பாராட்டு மடல்

மாண்புமிகு கீழவை உறுப்பினர்கள் 101 பேருக்கும், மேலவை உறுப்பினர்கள் 48 பேருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கிற உங்கள் மாநிலத்துக்கு நான் வாக்காளன் இல்லை. தமிழில் எழுதுகிறவன், இந்த மடலும் உங்களில் யார் கண்ணிலும் படப்போவதில்லை. ஓட்டு இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓட்டு உள்ள ஆசிரியர்கள் 2018 ஏப்ரலில் வகுப்பறைகளைப் பூட்டிவிட்டு ஆயிரக்கணக்கில் உங்கள் மன்றத்துக்கே வந்து ஒன்பது பள்ளி நாட்கள் கத்தினார்கள். அவர்களுக்கு நீங்கள் காட்டிய மரியாதையைப் பார்த்த பிறகு, ஓட்டு இல்லாததை நான் பெரிய குறையாக எண்ணவில்லை. தவிரவும் நான் குறை சொல்ல வரவில்லை. அரசுப் பள்ளிகளைக் கெடுத்த பழி எந்தக் காலத்திலும் எந்தத் தனி மனிதர் மேலும் விழாதபடி ஒரு கணக்கை நீங்கள் கட்டிக் காக்கிறீர்கள். அந்தத் திறமையைப் பாராட்டவே இதை எழுதுகிறேன்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை 2018 பிப்ரவரி 12ஆம் தேதி கீழவையில் நடந்த வாக்கெடுப்பே சொல்லிவிடும். பத்தாண்டுகளாக ஆசிரியர் சம்பளத்தை மாநிலம் உயர்த்தவில்லை. சிகரெட், எரிபொருள், எண்ணெய்க் கிணறு ஆகியவற்றின் மேல் வரியைக் கூட்டி, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் கூடுதலாகத் தரலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் தொழிற்சங்கக்காரர்கள்கூட இல்லை, மாநிலத்தின் தொழிலதிபர்கள். வாக்குப் பலகையில் ஆதரவு 63, எதிர்ப்பு 35. உலகத்தின் மற்ற மன்றங்களில் இந்த எண்களைப் பார்த்தால் ஆதரித்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். உங்கள் மன்றத்தில் 63 தோற்றது, 35 வென்றது. மக்கள் வாக்குக்கு விடாமல் நீங்களே வரியை ஏற்ற 76 கை வேண்டும் என்பது உங்கள் அரசியல் சாசனம். மேலவையில் 36. அதாவது இரண்டு அவையிலும் முக்கால் பங்கு.

இந்த முக்கால் வந்த கதையும் சுவையானதுதான். 1990இல் ஆளுநர் ஹென்றி பெல்மன் காலத்தில், ஆசிரியர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்த பின், பள்ளிச் சீர்திருத்தத்துக்கும் அதற்கான வரிக்கும் சேர்த்து 1017ஆம் எண் மசோதா நிறைவேறியது. வகுப்பில் மாணவர் எண்ணிக்கை குறையும், ஆசிரியர் சம்பளம் உயரும் என்றது அந்தச் சட்டம். 1991இல் அதை ரத்து செய்யச் சொல்லிப் பொது வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் மறுத்தார்கள், வரி இருக்கட்டும் என்றார்கள். வரி எதிர்ப்பாளர்கள் சளைக்கவில்லை. இருக்கிற வரியை எடுக்க முடியாவிட்டால் என்ன, இனி ஒரு வரி வராமல் பார்த்துக்கொள்வோம் என்று மறு ஆண்டே 640ஆம் எண் பொது வாக்கெடுப்புக் கேள்வியோடு வந்தார்கள். 1992 மார்ச்சில் 56 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். நன்றாகக் கவனியுங்கள்: எந்த வரிக்கும் 75 சதவீதம் வேண்டும் என்று விதித்த விதியே 56 சதவீதத்தில்தான் நிறைவேறியது. தான் விதித்த தேர்வில் தானே தேறியிருக்காத விதி இது. அதன்பின் 26 ஆண்டுகள், ஒரு வரி உயர்வு மசோதாவும் உங்கள் இரு அவைகளையும் அந்தக் கணக்கில் கடந்ததில்லை.

ஏறுவதற்குத்தான் இந்த முக்கால். இறங்குவதற்குப் பாதிக்கு மேல் ஒரு கை போதும். வருமான வரியின் உச்ச விகிதம் 2004இல் 6.65 சதவீதமாக இருந்தது. படிப்படியாக 2016இல் 5 சதவீதத்துக்கு வந்தது. அந்த 5-க்கு இறங்கிய விதம் இருக்கிறதே, அதற்கு உங்களுக்குத் தனியாக ஒரு விருதே தரலாம். 2014இல் நீங்கள் போட்ட சட்டப்படி, வருவாய் இந்த அளவைத் தொடும் என்று மதிப்பீடு சொன்னாலே வரி தானாகக் குறைந்துவிடும். வருவாய் நிஜமாக வர வேண்டும் என்றில்லை, வரும் என்று காகிதத்தில் எழுதியிருந்தால் போதும். 2014 டிசம்பரில் காகிதம் ‘ஆம்’ என்றது. 2016 ஜனவரி முதல் தேதி வரி குறைந்தது. இடைப்பட்ட ஓராண்டில் எண்ணெய் விலை சரிந்து, வருவாய் பற்றாக்குறை என்று அரசே அறிவித்தாகிவிட்டது. நிறுத்தலாமே என்றால், குறையும் வரியை நிறுத்துவதும் வரி உயர்வுதானே என்ற அச்சம். அதே 2014இல், வழக்கமாக 7 சதவீதமான எண்ணெய், எரிவாயு உற்பத்தி வரியைப் புதுக் கிணறுகளுக்கு முதல் 36 மாதங்கள் 2 சதவீதம் என்றும் வைத்தீர்கள். கிணறு அதிகம் சுரப்பது அந்த முதல் மாதங்களில்தான் என்பது எண்ணெய் மாநிலத்துச் சட்டமன்றத்துக்குத் தெரியாதா என்ன?

விளைவு என்ன என்று கேட்டால் விலைவாசியைக் கழித்துப் பார்க்க வேண்டும். 2008க்கும் 2018க்கும் இடையில் ஒரு மாணவருக்கு மாநிலம் தரும் பொதுநிதி ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. நாட்டிலேயே பெரிய வெட்டு அதுதான். புது ஆசிரியரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 31,600 டாலரிலேயே நின்றது. தெற்கே ரெட் நதியைத் தாண்டினால் டெக்சஸ். அதே பட்டம், அதே வேலை, பல ஆயிரம் டாலர் கூடுதல். ஓக்லஹோமாவில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களை டெக்சஸ் மாவட்டங்கள் கொத்திக்கொண்டு போயின. பள்ளிக் கட்டடத்தின் மின்கட்டணத்தையும் பேருந்து டீசலையும் மிச்சம் பிடிக்க, பல கிராமப்புற மாவட்டங்கள் வாரத்தில் நான்கே நாள் பள்ளி என்று மாறின. வெள்ளிக்கிழமை பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பது பெற்றோரின் கணக்கு. அது உங்கள் பட்ஜெட்டில் வராது.

ஆள் இல்லாத வகுப்புகளுக்கு நீங்கள் கண்டுபிடித்த மருந்து அவசரச் சான்றிதழ். ஒரு பட்டம் இருந்தால் போதும். ஆசிரியர் பயிற்சியோ, அந்தப் பாடத்துக்கான தேர்வோ முடிந்திராவிட்டாலும் ஓராண்டுக்கு வகுப்பை ஒப்படைக்கலாம். 2011-12இல் மாநிலம் முழுவதும் இப்படி 32 பேர். 2018-19இல் 3,000க்கு மேல். அகராதியில் அவசரம் என்றால் திடீரென்று வருவது, சீக்கிரம் போவது. உங்கள் அவசரம் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது வருகிறது, போவதே இல்லை. அதுவும் போதாதென்று 2022இல் இன்னொரு சட்டம் போட்டீர்கள். பட்டமே இல்லாத துணைப் பயிற்றுநர்கள் ஒரு பருவத்தில் 270 மணி நேரத்துக்கு மேல் கற்பிக்கக் கூடாது என்றிருந்த வரம்பை எடுத்துவிட்டீர்கள். இந்த வேகத்தில் போனால் ஆசிரியர் பற்றாக்குறை சீக்கிரமே தீர்ந்துவிடும். நிற்கிறவர் எல்லாம் ஆசிரியர் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

முக்காலைச் சுற்றிப் போக நீங்கள் முயலவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. 2017 மே மாதம், கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில், ஒரு சிகரெட் பெட்டிக்கு 1.50 டாலர் வசூலிக்கச் சட்டம் போட்டீர்கள். வரி என்றால் 76 கை வேண்டும். ஆகவே அதற்குக் ‘கட்டணம்’ என்று பெயர் வைத்தீர்கள். புகைபிடிப்பதை விட்டொழிக்க உதவும் கட்டணமாம். அந்த ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம், ஒருவர்கூட மாறுபடாமல், அது வரிதான் என்று தள்ளிவிட்டது. முக்கால் பெரும்பான்மை இல்லை என்பதோடு, கடைசி ஐந்து நாளில் வருவாய் மசோதா கூடாது என்ற விதியும் இடித்தது. பட்ஜெட்டில் 20 கோடி டாலருக்கு மேல் ஓட்டை. அதை அடைக்கச் சிறப்புக் கூட்டத்தொடர், அந்தத் தொடரிலும் 76 கிடைக்காமல் இழுபறி, அந்த இழுபறியின் தொடர்ச்சிதான் மேலே சொன்ன 63-க்கு 35.

இங்கே உங்கள் தரப்பு எழுந்து நிற்கும். ‘கொடுத்தோமே, 2018 மார்ச்சில் கொடுத்தோமே’ என்பீர்கள். கொடுத்தீர்கள். ஏப்ரல் 2 முதல் வேலைநிறுத்தம் என்று ஆசிரியர்கள் தேதி குறித்த பிறகு, கீழவையில் 79-க்கு 19, மேலவையில் 36-க்கு 10. மேலவையில் வேண்டியது 36, விழுந்தது 36. சராசரியாக ஆசிரியருக்கு 6,100 டாலர் உயர்வு. ஆளுநர் மேரி ஃபாலின் கையெழுத்திட்டார். அதே ஆளுநர், இன்னும் வேண்டும் என்று கேட்ட ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லும்போது, இதைவிட நல்ல கார் கேட்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு ஒப்பிட்டார் என்பது தனிக் கதை. நான் சொல்ல வந்தது விடுதி வரியை. அந்தத் தொகுப்பில் விடுதி அறைக்கு ஓர் இரவுக்கு 5 டாலர் என்று ஒரு வரியும் இருந்தது. முக்கால் பேர் முக்கி முனகி ஏற்றிய அந்த வரியை, ஒரு டாலர்கூட வசூலாகும் முன்பே, வெறும் பெரும்பான்மையில் ரத்து செய்தீர்கள். ஆசிரியர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த அதே ஏப்ரலில் அந்த ரத்து சட்டமானது. ஏற்ற 26 ஆண்டு, இறக்கச் சில நாள். 2019இலும் 2023இலும் மீண்டும் உயர்வு தந்தீர்கள் என்பதையும் மறைக்கவில்லை. 2023இல் கருவூலம் நிரம்பியிருந்தது. யாரிடமும் வரி கேட்க வேண்டியிருக்கவில்லை. நல்ல காலத்தில் கொடுப்பது எல்லோருக்கும் முடியும். இந்த விதி கெட்ட காலத்தில்தான் கழுத்தைப் பிடிக்கிறது.

கெட்ட காலத்துக்குக் காரணம் எண்ணெய் விலைதான், நாங்கள் என்ன செய்வோம் என்பது அடுத்த வாதம். எண்ணெய் விலை விழுந்தது உண்மை. 2014இல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது 2016 தொடக்கத்தில் 30க்குக் கீழே போனது. ஆனால் விலை ஏறி இறங்குவதே எண்ணெயின் குணம் என்று நூறாண்டாக அறிந்த மாநிலம், விலை ஏறும்போது வரியைக் குறைத்துக்கொண்டு, இறங்கும்போது ஏற்ற முடியாதபடி கையைக் கட்டிக்கொண்டது யார் செய்த வேலை? ‘மக்களே வரி வேண்டாம் என்கிறார்கள், 2016இல் ஆசிரியர்களுக்காக விற்பனை வரியை ஒரு சதவீதம் கூட்டலாமா என்று கேட்டோம், 59 சதவீதம் பேர் மறுத்தார்கள்’ என்பது இன்னொன்று. அதைக் கேட்டது நீங்கள் இல்லை. உங்களை நம்பிப் பயனில்லை என்று கையெழுத்து வாங்கி மக்கள் முன் வைத்தவர் முன்னாள் ஆளுநர் டேவிட் போரன். எண்ணெய்க் கிணறு 2 சதவீதம் கட்டும்போது, பால் வாங்குகிறவர் தலையில் இன்னும் ஒரு சதவீதமா என்று மக்கள் யோசித்திருந்தால் அது வரி வெறுப்பு ஆகாது, நியாய உணர்வு. மாநிலத்தில் 500க்கு மேல் பள்ளி மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்காணிப்பாளர், அங்கே பணம் வீணாகிறது என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடமாட்டேன். மாவட்டங்களை இணைக்க முக்கால் பெரும்பான்மை தேவையில்லை. பாதிக்கு மேல் ஒன்று போதும். ஏன் செய்யவில்லை?

பாதிக்கு மேல் ஒன்று போதும் என்ற விஷயங்களில் உங்கள் சுறுசுறுப்பு வேறு. இனம், பாலினம் பற்றி வகுப்பில் என்னென்ன கருத்துகள் சொல்லக் கூடாது என்று 2021இல் 1775ஆம் எண் சட்டம், ஆளுநர் கெவின் ஸ்டிட் கையெழுத்தோடு, சிரமமில்லாமல் வந்தது. 2023இல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்காகப் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு 5,000 முதல் 7,500 டாலர் வரை வரிச் சலுகை. வருமான உச்சவரம்பு இல்லை. இதற்கான ஒதுக்கீட்டை 15 கோடி டாலரில் தொடங்கி 25 கோடி வரை ஏறும்படி வைத்தீர்கள். சிறு வித்தைதான்: அரசுப் பள்ளிக்குப் பணம் தேடினால் அது வரி உயர்வு, முக்கால் வேண்டும், தனியார் பள்ளிக்குப் பணம் தந்தால் அது வரிக் குறைப்பு, பாதி போதும். 2025இல் போட்ட சட்டத்தால் வருமான வரியின் உச்ச விகிதத்தை 4.5 சதவீதத்துக்கு இறக்கினீர்கள். இனி வருவாய் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வளரும்போதெல்லாம் அது மேலும் கால் சதவீதம் தானாகவே குறையும்படி பழைய விசையையும் திரும்பப் பொருத்தினீர்கள். 2016இல் அது எப்படி வெடித்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் அவையில் இன்னும் சிலராவது இருப்பார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உங்கள் கணக்கு என்னைக் குழப்பிவிட்டது. உங்கள் சொந்தச் சம்பளம். அதை நீங்கள் முடிவு செய்வதில்லை. ஒன்பது பேர் கொண்ட ஊதிய வாரியம் முடிவு செய்கிறது. ஐந்து பேரை ஆளுநரும், நான்கு பேரை இரு அவைத் தலைவர்களும் நியமிக்கிறார்கள். வாரியத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 38,400 டாலராக இருந்ததை வாரியம் 35,021 ஆகக் குறைத்தது. 2019இல் கூடி 47,500 ஆக்கியது. ஒரே அமர்வில் 35 சதவீதத்துக்கு மேல். யாரும் மன்றத்து வாசலில் நிற்கவில்லை, யாரும் வகுப்பை மூடவில்லை.

ஆகவே என் கோரிக்கை எளியது. இரண்டு விதிகளையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஆசிரியர் சம்பளத்தை அந்த ஒன்பது பேரிடம் கொடுங்கள். உங்கள் சம்பளத்தை உயர்த்த இனி 76 பேரும் 36 பேரும் கை தூக்கட்டும். அது நடக்காது என்றால் 640ஆம் எண் விதியையாவது மீண்டும் மக்கள் முன் வையுங்கள். வேண்டுமென்றால் முக்காலை அறுபது சதவீதம் என்று கேட்டுப் பாருங்கள். சாசனத் திருத்தம் ஒன்றைப் பொது வாக்கெடுப்புக்கு அனுப்ப உங்களுக்கு முக்கால் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும். கீழவையில் 51, மேலவையில் 25. அந்த 2018 பிப்ரவரியில் பச்சை விளக்கு போட்டவர்களின் எண்ணிக்கை இதைவிடப் பன்னிரண்டு அதிகம்.

இப்படிக்கு,
கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்த ஒரு தமிழன்